மகிழ்ச்சித் துறையின் மான்கொம்பு வேட்டை

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலம் செய்த மூன்றாவது பெரிய கண்டுபிடிப்பு, ஊழியர்களைச் சனிக்கிழமையும் வரவழைத்து அதற்கு 'மகிழ்ச்சி' என்று பெயர் வைத்ததுதான். இந்த அரிய கண்டுபிடிப்பு துபாயில் ஒரு மரம் வளர்ப்பு நிறுவனத்தில் நடைமுறையில் இருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கதை சொல்கிறவனுக்கும் விசா என்று ஒன்று இருக்கிறது.

அந்த நிறுவனத்தின் 'மகிழ்ச்சித் துறை'க்குத் தலைவர் சேதுமாதவன். திருச்சிக்காரர். முன்பு அந்தத் துறைக்கு எச்.ஆர். என்று பெயர். ஆட்களை வேலைக்கு எடுப்பதும் வேலையை விட்டு எடுப்பதும் அதன் பணியாக இருந்தன. பெயர் மாறிய பிறகு பணி மாறவில்லை. கூடவே சிரிக்கவும் வேண்டியிருந்தது. துறையில் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் சேதுமாதவன், இன்னொருவர் அவருடைய உதவியாளர் ஜெயபாரதி. இந்த இருவரும் சேர்ந்துதான் நிறுவனம் முழுமைக்கும் மகிழ்ச்சியை உற்பத்தி செய்து வந்தார்கள்.

ஜனவரி மாதத்தில் ஒரு நாள் பொது மேலாளர் வருண் சேதுமாதவனை அறைக்குக் கூப்பிட்டார். வருணுக்கு வயது முப்பத்து நான்கு. வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர். நாற்காலியில் உட்காராமல் ஒரு பெரிய ரப்பர் பந்தின் மீது உட்கார்ந்து நிர்வகிப்பவர்.

"சேது, குளிர் நாட்டுல மானெல்லாம் வருஷா வருஷம் கொம்பை உதிர்த்துடும், தெரியுமா? ஜனங்க குடும்பத்தோட காட்டுக்குள்ள போய் அதைத் தேடி எடுக்கறாங்க. நேத்து முழுக்க அந்த வீடியோதான் பாத்தேன். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"எனக்கும் கேக்கும்போதே வருது சார்."

"நம்மகிட்டயும் காடு இருக்கு. மான் இருக்கு. மேனேஜர்ஸ் எல்லாரையும் கூட்டிட்டுப் போய்த் தேட விடுவோம். 'உதிர்ப்போம், உயர்வோம்!' எப்படி?"

"பிரமாதம் சார். ஆனா தேடினா கெடைக்கணுமே..."

வருண் பந்தின் மீது வருத்தத்துடன் ஒரு முறை ஏறி இறங்கினார். "நெகட்டிவா யோசிக்காதீங்க சேது. மகிழ்ச்சித் துறைன்னு ஒண்ணு வேணுமான்னே மேல கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. இது சக்சஸ் ஆனா உங்களைப் பத்தி நானே பேசறேன்."

ஆகாவிட்டால் யார் பேசுவார் என்பதை அவர் சொல்லவில்லை. சேதுமாதவனுக்கு அது சொல்லாமலே விளங்கியது. வேலை போனால் விசா போகும். விசா போனால் வீடு போகும். மகள் தாமரைக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அடுத்த மாதம். தேர்வு மண்டபத்துக்குப் போக வேண்டிய பெண்ணை விமான நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும். மான்கொம்பு கிடைத்தே ஆக வேண்டும்.

'நம் காடு' என்று வருண் சொன்னது ஊருக்கு வெளியே நிறுவனம் பராமரித்து வந்த ஒரு தோப்பை. காஃப் என்ற பாலைவன மரங்கள். மரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் ஒரு சொட்டுநீர்க் குழாய். சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே கொஞ்சம் சின்ன மான்கள். அதைக் காடு என்று அழைப்பதற்கு ஓரளவு பக்தி வேண்டும். சம்பளம் வாங்குகிறவர்களிடம் அது ஏராளமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் செய்தியைச் சொன்னதும் தாமரை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்பா, இங்க இருக்கறது கஸெல். அதுக்குக் கொம்பு நெவர் ஃபால்ஸ். ஆடு மாடு மாதிரிப்பா, லைஃப் ஃபுல்லா அப்படியே இருக்கும். செத்தாத்தான் கெடைக்கும். யார் குடுத்த ஐடியா இது?"

"எங்க ஜி.எம்."

"ஹீ நீட்ஸ் ட்யூஷன், அப்பா."

வேறு ஒருவராக இருந்தால் மறுநாளே போய், 'சார், இந்த ஊர் மானுக்குக் கொம்பு உதிராது' என்று உளறியிருப்பார். சேதுமாதவன் வளைகுடாவில் பழம் தின்று கொட்டை போட்டவர். பொது மேலாளர் உதிரும் என்று சொன்ன பிறகும் உதிராமல் இருப்பது மானின் ஒழுக்கக் குறைவே தவிர, திட்டத்தின் குறை அல்ல என்பது அவருக்குத் தெரியும். மானைத் திருத்த நேரமில்லாததால் கொம்புக்கு ஏற்பாடு செய்தார்.

அதற்கு வழி சொன்னவள் ஜெயபாரதி. செல்ல நாய்கள் கடித்து விளையாட வெளிநாட்டிலிருந்து நிஜ மான்கொம்பையே துண்டு துண்டாக அறுத்துக் கடைகளில் விற்கிறார்கள் என்றாள். அவளே ஒரு டஜன் வரவழைத்தும் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் 'பெரிய இன நாய்களுக்கு' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சில துண்டுகள் வேர்க்கடலை வாசனை ஊட்டப்பட்டவை.

சேதுமாதவனும் மனைவி பிருந்தாவும் தேங்காய் எண்ணெய் தடவி ஸ்டிக்கர்களை உரித்தார்கள். பழசாகத் தெரிய வேண்டும் என்று டீ டிகாக்‌ஷனில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள்.

"நம்ம ஊர்ல இதை வீட்டுல வச்சிருந்தா ஃபாரஸ்ட்காரங்க வந்து புடிச்சிட்டுப் போவாங்க," என்றாள் பிருந்தா. "நாய் கடிக்கறதைப் போய் நான் டீ போடற பாத்திரத்துல..."

"பாத்திரம் வேற வாங்கிக்கலாம் பிருந்தா. வேலை வேற வாங்க முடியாது."

வெள்ளிக்கிழமை மதியம் அவர் கொம்புகளைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசிலிருந்தே தோப்புக்குப் போனார். அங்கே சொட்டுநீர்க் குழாய்களையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்கிறவன் சோலையப்பன். சிவகங்கைப் பக்கத்து ஆள். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்குவான்.

"சோலை, இதையெல்லாம் மரத்தடியில, புதர் ஓரமா அங்கங்க போட்டு வை. பாதி மண்ணுல புதைஞ்ச மாதிரி இருக்கணும்."

"போட்டுர்றேன் சார். எதுக்கு சார்?"

"நாளைக்கு மேனேஜர்ஸ் வந்து தேடி எடுப்பாங்க."

"எடுத்து?"

"ஆபீசுக்குக் கொண்டுபோவாங்க."

"இப்ப நீங்க ஆபீஸ்லேருந்துதான சார் கொண்டாந்திருக்கீக?"

"ஆமா."

சோலையப்பன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப செரி சார்," என்றான். பிறகு பையை வாங்கிக்கொண்டே தலையைச் சொறிந்தான். "சார், அந்த லீவு விசயம்... மாசியில பாப்பாவுக்குக் காது குத்து வச்சிருக்காக. குலசாமி கோயில்ல. நா இன்னும் புள்ளய நேர்ல பாக்கல சார். போன்லதான் அப்பாங்குது. ஒரு மாசம் குடுத்தாப் போதும்."

அவன் இங்கே வந்த பிறகு பிறந்த குழந்தை அது. லீவு கேட்கும்போதெல்லாம், அவன் போய்விட்டால் மோட்டாரை யார் பார்ப்பது என்று நிறுவனம் மிகுந்த பாசத்தோடு மறுத்து வந்தது.

"நாளைக்கு மட்டும் நல்லபடியா முடியட்டும். உன்னை ஊருக்கு அனுப்பறது என் பொறுப்பு," என்றார் சேதுமாதவன். "ஆனா ஒண்ணு. தேடி முடிச்சதும் நீ ஒரு சுத்து சுத்திப் பாரு. ஒரு துண்டுகூடக் கீழ கெடக்கக் கூடாது. மான் கடிச்சுத் தொண்டையில சிக்கினா வம்பாயிடும். மிச்சம் இருந்தா என் கையில கொண்டாந்து குடு."

"கரெக்டா குடுத்துர்றேன் சார்."

சனிக்கிழமை காலை மேலாளர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோர் காலிலும் புது பூட்ஸ், தலையில் புதுத் தொப்பி, மார்பில் 'உதிர்ப்போம், உயர்வோம்'. படம் எடுக்க மேலே ஒரு டிரோன் பறந்தது. முதலில் எல்லோரையும் கண்ணை மூடி வனத்தின் குரலைக் கேட்கச் சொன்னார் வருண். வனம் மோட்டார் குரலில் பேசியது. பலர் நெகிழ்ந்து போனார்கள்.

பிறகு வேட்டை ஆரம்பமாயிற்று. ஆண்டு அறிக்கையைக்கூடக் குனிந்து பார்க்காதவர்கள் முழங்கால் மண்ணில் படத் தவழ்ந்தார்கள். வேலியோரம் இரண்டு மான்கள், தலையில் கொம்போடு, தங்களைச் சுற்றி நடக்கும் வைபவத்தை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தன.

முதல் கொம்பை எடுத்தவர் நிதி மேலாளர் மீராசா, காயல்பட்டினத்துக்காரர். அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "சேது, மான் நெலக்கடலை தின்னுமா?" என்றார்.

"இந்தப் பக்கத்து மான் தின்னும் சார்."

இன்னொருவர் கொம்பின் அடிப்பக்கம் பலகை போல் மட்டமாக இருப்பதைப் பார்த்து, இயற்கையின் துல்லியத்தை எந்த மிஷினாலும் கொண்டுவர முடியாது என்று கண்கலங்கினார். ஒரே கொம்பை மீராசாவின் இன்னொரு கையும் கொள்முதல் மேலாளரின் கையும் ஒரே நேரத்தில் பிடித்து, கொஞ்சம் இழுபறியாகி, கடைசியில் கொள்முதல் வென்றது.

சாப்பாட்டுக்காகப் போட்டிருந்த கூடாரத்தில் மேசையைச் சுற்றி எல்லோரும் கொம்போடு உட்கார்ந்தார்கள். பதினொன்று வந்திருந்தன. பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. சேதுமாதவன் நிம்மதியாக மூச்சு விட்டார். பிழைத்தோம் என்று நினைத்தார்.

வருண் பேச எழுந்தார்.

"நண்பர்களே, மான் ஏன் கொம்பை உதிர்க்கிறது? கனம். தேவையில்லாத கனம். உதிர்த்த மான் அழுவதில்லை, லேசாக ஓடுகிறது. நமது நிறுவனமும் லேசாக வேண்டியிருக்கிறது. எத்தனை பேரைக் குறைப்பது என்று மேலிடம் என்னைக் கேட்டது. ஒரு மனிதன் எப்படி அதை முடிவு செய்ய முடியும்? இயற்கையிடம் விட்டுவிட்டேன். உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு கொம்புக்கும், உங்கள் துறையிலிருந்து ஒருவரை அன்போடு உதிர்த்து விடுங்கள்."



அடுத்த நிமிடம் அங்கே பொங்கிய பெருந்தன்மையை வளைகுடா கண்டதில்லை. "மீராசா பாய், இதை மொதல்ல பாத்தது நீங்கதான். உங்களுக்குச் சேர வேண்டியது," என்று கொள்முதல் மேலாளர் கொம்பை நீட்டினார்.

"சேச்சே, அது உங்க உழைப்பு. நான் கையில வச்சிருக்கறதுகூட நான் எடுத்தது இல்ல. கால்ல இடறிச்சு, அவ்வளவுதான்."

எடுத்தது எடுத்ததுதான் என்றார் வருண். டிரோனில் பதிவாகியிருக்கிறதாம்.

கொஞ்சமாகப் போட்டால் தன் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து தாராளமாக ஒரு டஜன் போட்டவர் சேதுமாதவன்தான். நாலு போட்டிருந்தால் நாலு குடும்பத்தோடு போயிருக்கும். ஒரே ஆறுதல், பன்னிரண்டாவது கொம்பு யார் கண்ணிலும் படவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் தப்பித்தான்.

"சார்!"

கூடார வாசலில் சோலையப்பன் மூச்சிரைக்க நின்றான். கையில் கொம்பு.

"வேலியோரம் புதர்ல கெடந்துச்சு சார். மிச்சம் இருந்தா உங்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னீகள்ல?"

வருணின் முகம் மலர்ந்தது. "சேது, உங்க கொம்பு! சொல்லுங்க, உங்க டீம்ல யாரு?"

டீம் என்றால் இரண்டு பேர். சேதுமாதவன் ஜெயபாரதியைப் பார்த்தார். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜெயபாரதியும் அவரைப் பார்த்தாள். நாய்க்கடையின் ரசீது அவளுடைய போனில் இருந்தது. அந்தப் போனை எடுத்து மேசை மேல் வைத்தாள். மிச்சம் இருப்பது அவர் பெயர் ஒன்றுதான். அவர் கண்ணுக்குள் தாமரை புத்தகமும் கையுமாக விமானம் ஏறினாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், கேம்ப் ஸ்டாஃப் எல்லாம் அட்மினிஸ்ட்ரேஷன்படி எங்க துறைக்குக் கீழதான் வர்றாங்க," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"தேடிக் கண்டுபிடித்தவரே உதிர்கிறார்! இதைவிட அழகாக இயற்கை எழுத முடியுமா?" என்று வருணும் ஆங்கிலத்திலேயே கேட்டார். மேலாளர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். யாரோ சோலையப்பனின் தோளில் கை போட்டு, கொம்பை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவன் பல் தெரியச் சிரித்தான்.

கூட்டம் பிரியாணிப் பக்கம் நகர்ந்ததும் அவன் சேதுமாதவனிடம் வந்தான். "எதுக்கு சார் எனக்குப் போயி கை தட்றாக?"

சேதுமாதவன் அவன் கையிலிருந்த கொம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ ஊருக்குப் போறேல்ல... அதுக்குத்தான்."

"லீவு கெடச்சிருச்சா சார்!" அவன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எங்க குலசாமி மாதிரி சார் நீங்க. பாப்பாவுக்கு உங்க பேரச் சொல்லித்தான் சார் காது குத்துவேன்."

காரியம் ஆனதும் கொடுத்த வாக்கை மறந்துவிடுகிற மேலதிகாரிகள் நிறைந்த உலகம் இது. சேதுமாதவன் மறக்கவில்லை. சொன்னபடியே அனுப்பி வைத்தார். அதிலும் கணக்குப் பார்க்கிற கை அல்ல அவருடையது. பாவம், சோலையப்பன் கேட்டது ஒரு மாத லீவுதான். திரும்பி வரவே வேண்டாத லீவாகக் கொடுத்துவிட்டார்.