சொம்புத் தண்ணீர் சிந்தாத பாதை

சட்டமும் சாமர்த்தியமும் ஒருங்கே வாய்த்த அன்பு மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நலம். உன் அக்காவின் இடுப்பு மட்டும் நலமில்லை. அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் கட்சிக்காரர்களும் நலமாயிருக்க விழைகிறேன்.

நிற்க. ஊருக்கு வெளியே நாங்கள் வாங்க நினைத்த நிலத்தைப் பற்றி, "அத்தான், மண்ணை அப்புறம் பாருங்க, அந்தப் பொதுப்பாதையை யார் செப்பனிடறாங்கன்னு முதல்ல விசாரிங்க" என்று நீ போனில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, உன் அக்காவோடு நேரில் போனேன். அந்தப் பாதை அரசாங்கத்துடையது அல்ல. வழியில் இருக்கும் கோழிப்பண்ணைக்காரர், நாற்றுப்பண்ணை அம்மா, லாரிக்காரர் ஆகிய மூன்று பேருக்கும், கோடியில் இருக்கும் இந்த நிலத்துக்கும் பொது. பத்திரத்தில் "அனைவரும் சேர்ந்து பராமரித்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரே வரி. யார் எதைச் செய்வது என்று பேச்சே இல்லை. உன் அக்காவோ, உடம்பு குலுங்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதிலிருந்து, பாதையைச் சோதிக்க நிறைசொம்புத் தண்ணியை மடியில் வெச்சுக்கிட்டுத்தான் வண்டி ஏறறா. "ஒரு சொட்டு சிந்தினாலும் நிலமும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்"னு முதல்லயே சொல்லிட்டா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினேன். சத்தியமாச் சொல்றேன் மச்சான், ஒரு சொட்டு சிந்தல!

இப்படிப் பாதை வெச்சிருக்கிறவங்க எவ்வளவு ஒத்துமையா இருக்கணும்னு நினைச்சுக் கோழிப்பண்ணைக்காரர்கிட்ட "ஒப்பந்தம் எதாவது இருக்கா?"ன்னு கேட்டா, மனுஷன் எகிறிக் குதிக்கிறார். "ஒப்பந்தமா? அந்த நாத்துப்பண்ணை அம்மா மூஞ்சியிலயே நான் முழிக்கிறதில்ல!" இவர் கோழி அந்தம்மா நாத்தைக் கொத்திடுச்சாம். அந்தம்மாகிட்டப் போனா, "கோழிக்காரர் கிடக்கார், லாரிக்காரர் கிளப்பற புழுதியில என் செடியெல்லாம் வெளுத்துப் போச்சு"ங்கறாங்க. லாரிக்காரரோ, அந்த ரெண்டு பேர் பேச்சையும் எடுக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிடறார். அப்ப பாதையை யார்தான் பார்த்துக்கறதுன்னு கேட்டேன். "ஏன், என் பக்கத்தை நான்தான் பார்க்கறேன். அவங்க பக்கம் தண்ணி நிக்காம என் பக்கம் நின்னா, என் மானம் என்னத்துக்கு ஆகறது?" மூணு பேர் வாயிலயும் இதே பேச்சு! கோழிக்காரர் சரளை கொட்டினா, அந்தம்மா சரளை கொட்டி மேல உருளையும் ஓட்டறாங்க. பார்த்துட்டு லாரிக்காரர் ரெண்டு ஓரமும் வடிகால் வெட்டறார். ஒரு கையெழுத்து இல்ல, ஒரு கூட்டம் இல்ல. ஆயுசு பூரா ஆபீஸ்ல குறைதீர்ப்புப் பிரிவுல உக்காந்து, அடிச்சுக்கிட்டு வர்றவங்களைச் சேர்த்து வெச்சே பழகின எனக்கு, சண்டை இவ்வளவு நேர்த்தியா வேலை செய்யும்னு தெரியாமப் போச்சே! வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன். செருப்போட மிதிக்க மனசு வராம கையில எடுத்துக்கிட்டு நடந்தேன். உன் அக்கா அந்தச் சொம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு, "இங்கேயே இருந்துடலாம்"னு சிரிச்சா. அவ சிரிச்சுப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! நாளைக்குப் பத்திரப்பதிவு. எழுத்து ஒப்பந்தமெல்லாம் வேண்டாம் மச்சான். இப்படிப்பட்ட அதிசயத்துல கைவைக்க நாம யாரு?

உன் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உன் வழக்குகள் ஜெயிக்கட்டும். நீ போகிற வழியெல்லாம் குண்டும் குழியும் இல்லாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பாதை கண்டு மெய்மறந்த அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து, குடியேறி, மழைக்காலமும் வந்துவிட்டது. பழக்கதோஷம் யாரை விட்டது? பக்கத்துப் பக்கத்துல இருந்துக்கிட்டு முகம் பார்க்காம இருக்காங்களேன்னு மனசு கேக்காம, மூணு பேரையும் டீக்குக் கூப்பிட்டுச் சமாதானம் பண்ணி வெச்சேன். இப்ப கூடப் பிறந்தவங்களாட்டம் பழகறாங்க. "நமக்குள்ள என்னங்க உன் பக்கம் என் பக்கம், யாராவது சரளை போட்டாச் சரி"ன்னு சொல்லிக்கிட்டு, நம்ம வாசல்ல உக்காந்து மழையை ரசிக்கறாங்க. பாதை பூராக் குழி. நேத்துச் சொம்புத் தண்ணி மொத்தமும் என் தலையில. ஆகவே உடனே ஓர் ஒப்பந்தம் எழுதி எடுத்துக்கிட்டு வா. இல்லாட்டி வந்து ஒரு சண்டையாவது மூட்டிவிட்டுப் போ, வக்கீலுக்கு நான் சொல்லியா தரணும்? உன் அக்கா பெட்டி கட்டி வெச்சுட்டா, உன் வீட்டுக்குத்தான். இந்தக் குழிகளைத் தாண்ட இடுப்பு தாங்காதுங்கற ஒரே காரணத்தால இன்னும் என்கூட இருக்கா. அதனால, யோசிச்சுப் பார்த்தா, நீ அவசரப்பட்டு வர வேண்டாம்.