எல்லோருக்கும் போன ஓலை

வாகைநாடு என்றொரு நாடு இருந்தது. அது எந்தத் திசை என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த விவரத்தை அரசாங்கம் வேறு பைக்கு மாற்றிவிட்டது.

ஆதியில் அங்கே ஒரே ஓலைப்பைதான். யார் ஓலை எழுதிப் போட்டாலும் அரண்மனை எழுத்தர்கள் படியெடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்புவார்கள். ஒருவருக்கு மட்டும் போக வேண்டுமானால் தலைப்பில் ‘இவருக்கு மட்டும்’ என்று எழுத வேண்டும். மறந்தால் தீர்ந்தது.

ஏரிக்கரைத் தெரு வடிவாம்பாளின் புருஷன் சடையப்பன் ஒருமுறை மறந்தான். வெளியூரிலிருந்து அவளுக்கு எழுதினான்: “உன் குழம்புல எப்பவும் உப்பு ஒரு கை தூக்கல். இங்க சாப்பிட உக்காந்தா அதுதான் ஞாபகம் வருது.” நாடே படித்தது. பதினைந்து நாள் பை நிறைய உப்பைப் பற்றிய யோசனைதான். வடிவாம்பாள் வெட்கத்தில் வாசலுக்கே வரவில்லை. பிறகு சடையப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, முகம் தெரியாத வீடுகளிலிருந்தெல்லாம் ஓலை வந்தது. ஒன்றில், “அக்கா, உப்பைக் குறைச்சிடாதீங்க” என்று மட்டும் இருந்தது. அதைப் படித்துத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அடடா, அது ஒரு காலம்!

தலைமை அமைச்சர் மகுடபதியாருக்கு இந்தக் கலகலப்பு பிடிக்கவில்லை. நெல் விலையைப் படிக்க வந்தவன் வரியைப் பற்றிய புலம்பலையும் படித்துவிடுகிறானே! குடிகளின் நேரம் வீணாவதாக மன்னரிடம் மனம் உருகினார். பை பன்னிரண்டாகப் பிரிந்தது. ஆளுக்கு ஒரு பைதான். ஏரிக்கரையில் குடியிருப்பதால் வடிவாம்பாளுக்கு ஏரிப்பை. அதில் அவளையும் சேர்த்து ஐந்து பேர்.

அந்த ஐப்பசியில் மதகுக்குப் பக்கத்தில் கரை கசிவதைப் பார்த்தாள். கரை போனால் முதலில் போவது அவள் தெரு. அதற்கப்புறம் கீழே உள்ள பதினாறு ஊர். உடனே எழுதிப் போட்டாள். ஏரிப்பை அதிகாரி, கசிவது தண்ணீர் என்பதால் ஓலையை நீர்ப்பைக்குத் தள்ளிவிட்டார். நீர்ப்பையில், கரை என்பது மண் என்று விளக்கித் திருப்பி அனுப்பினார்கள். மண்பையில் அவள் உறுப்பினர் இல்லை. கீழே இருந்த பதினாறு ஊருக்கும் விஷயமே தெரியாது. அவர்கள் நெற்பையில் இருந்தார்கள்.

பழையபடி ஒரே பை வேண்டும் என்று மக்கள் முணுமுணுத்தார்கள். மகுடபதியார் வாக்கெடுப்பு நடத்தினார். அறிவிப்பு வாக்கெடுப்புப் பையில் முறைப்படி போனது. அதில் இருந்தவர்கள் அவருடைய மைத்துனர்கள் மூவர். அவர் சொன்ன திட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

“நீங்கள் கேட்ட ஒரே பையைத் தந்துவிட்டோம்” என்று அமைச்சர் முழங்கினார். “இனி எல்லோருக்கும் எல்லாம் வரும். எழுதும் சிரமத்தை மட்டும் அரண்மனையே ஏற்கும்.”

ஆக, எல்லா வீட்டுக்கும் ஓலை வந்தது. மன்னர் தும்மியது, தும்மல் நின்றது, நின்றதற்கு நன்றி. வடிவாம்பாள் தினமும் பிரித்துப் பார்ப்பாள். உப்பைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. கரையில் கசிவு வாய்க்காலாகியிருந்தது.

கார்த்திகை முதல் வாரம், காலையில் வந்த ஓலையை அடுப்படியில் நின்றபடி பிரித்தாள்.

“கண்ணம்மா, கரை இந்த மழையைத் தாங்காது என்று பொறியாளர் சொல்லி ஒரு மாதமாகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு. ஊராரிடம் மூச்சு விடாதே. மகுடபதி.”

தலைப்பில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வடிவாம்பாளுக்குச் சடையப்பன் ஞாபகம் வந்தது. பதில் எழுத எழுத்தாணியை எடுத்தாள். போடத்தான் பை இல்லை. எழுத்தாணியை வைத்துவிட்டு, அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

உச்சிப்பொழுதுக்குள் பதினாறு ஊரும் வந்து சேர்ந்தது. மண் கூடையைக் கைமாற்றிக்கொண்ட ஒரு பெண் அவள் பெயரைக் கேட்டாள். சொன்னதும், “உப்பு வீட்டு அக்காவா நீங்க!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வடிவாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பொழுது சாயும் முன்பே கரையை அடைத்துவிட்டார்கள். ஆனால் யாரும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அமைச்சரின் ஓலைக்கு இன்னும் பதில் போகவில்லையே.

“நேர்லயே போய்ச் சொல்லிடுவோம்” என்றாள் வடிவாம்பாள்.

அரண்மனைப் பக்கம் எல்லோரும் நடந்தார்கள்.