கொழுஞ்சி விதைக்குப் போன மெமோ

கொழுஞ்சியை யாரும் விதைப்பதில்லை. தரிசில் தானாக முளைக்கும், வயலுக்குத் தழை உரமாகிப் போகும். அதை இதுவரை எவரும் கேள்வி கேட்டதில்லை. அரசு கேட்டது.

எல்லாம் விதைப்பந்து மோகத்தால் வந்த வினை. கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதில் விதைப்பந்து, ஞானஸ்நானத்துக்கு விதைப்பந்து, ஸ்கேன் சென்டர் திறப்பு விழாவுக்கும் விதைப்பந்து. எறிந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். முளைத்ததா என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இக்குறை போக்கும் பொருட்டு நாகர்கோவிலில் 'முளைப்புச் சமச்சீர் அலுவலகம்' உதயமானது.

அதன் தலைவர் ஜெயசிங் ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருந்தது. வீட்டுக்கு மாடி கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மேலிடம் சொல்லிவிட்டது: அமைச்சர் வரும்போது, விதைப்பந்து எறிந்த அஞ்சுகிராமம் புறம்போக்கு பச்சையாக இல்லாவிட்டால் ராமநாதபுரத்துக்கு மாற்றல். மனுஷருக்குத் தூக்கம் போயிற்று.

ஒப்பந்த ஆய்வாளர் பெமிலா இரண்டு தட்டுகளில் கொழுஞ்சி விதை போட்டுப் பார்த்தாள். மேற்கே திற்பரப்பு மலைச்சரிவு விதை தண்ணீர் பட்டதும் முளைத்தது. கிழக்கே அஞ்சுகிராமத்து விதையில் ஏதோ சில முளைத்தன, மற்றவை கல்லாகக் கிடந்தன.

"ஒரே செடி, ஒரே மாவட்டம். இதுக்கு மட்டும் என்ன கேடு?" என்றார் ஜெயசிங்.

"மேக்கே மழை விடாது சார். முளைச்சா பிழைச்சிரும். கிழக்கே ஒரு மழைய நம்பி மொத்தமும் முளைச்சா, காத்தில கருகிப் போவும். அதான் கொஞ்சம் இப்போ, மிச்சம் பின்னால."

"மழையை நம்பாதா? வானிலை அறிக்கை அரசாங்கம் குடுக்கதாக்கும், தெரியுமா?"

உடனே மெமோ தயாரானது. 'போதிய தண்ணீர் வழங்கப்பட்டும் முளைக்கத் தவறியது பணியில் மெத்தனமாகக் கருதப்படுவதால், உரிய விளக்கம் அளிக்கவும்.' அதைத் தட்டில் ஒட்டினார்கள். விதை விளக்கம் அளிக்காததால் நகல் அஞ்சுகிராமத்துக்குப் போனது.

ஊர்த் தலைவர் நீலகண்டன் கொதித்துக்கொண்டு வந்தார்.

"எங்க ஊரு வெத மடியனா சார்? மேக்க உள்ளவன் வெத முளைக்கும், எங்க வெத முளைக்காதா?"

"குறை இல்ல அண்ணாச்சி, அது வெதையோட கெட்டிக்காரத்தனம்" என்றாள் பெமிலா.

"கெட்டிக்காரத்தனம் ஒண்ணும் வேண்டாம் மக்கா. முளைச்சா போதும்."

ஊர் மானம் பெரிதல்லவா! ஜனங்கள் துடைப்பத்தோடு புறம்போக்கில் இறங்கினார்கள். மண்ணில் கிடந்த விதையை ஒன்று விடாமல் கூட்டி அள்ளி, உப்புத்தாளில் தேய்த்து, வெந்நீரில் போட்டு, உருண்டை பிடித்து எறிந்தார்கள். அரசுச் செலவில் லாரித் தண்ணீர். அத்தனையும் முளைத்தது.

"மண்ணில மிச்சம் ஒண்ணும் இல்லியே சார்" என்றாள் பெமிலா.

"மிச்சம் வைக்காமச் செலவு பண்ணுகதுதான் நிதி ஒழுக்கம்."

அமைச்சர் வந்தார், நீலகண்டனுக்குச் சால்வை, ஜெயசிங்குக்குக் கேடயம். மாற்றல் பேச்சு அடங்கியது. அமைச்சரின் கார் திரும்பியதும் லாரியும் திரும்பியது. அப்புறம் மலைக் கணவாய் வழியே வறண்ட காற்று அடித்தது. ஒழுங்காக ஒன்றாக முளைத்தவை ஒழுங்காக ஒன்றாகக் கருகின. அடுத்த மழைக்கு அந்த நிலத்தில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

நீலகண்டன் மறுபடி வந்தார். சால்வை இல்லை, கையில் கலெக்டருக்கு எழுதிய புகார் இருந்தது.

"வயலுக்குத் தழை இல்ல சார். திற்பரப்பில இடுப்பளவு நிக்குதாம். இந்த வயித்தெரிச்சல யாருகிட்டச் சொல்ல?"

ஜெயசிங்குக்கு ராமநாதபுரம் கண்ணில் தெரிந்தது. மாடிக்கு இன்னும் கூரை கூடப் போடவில்லை. ஆனால் முப்பது வருட சர்வீஸ் வீண் போகுமா?

"இருங்க. இது சமச்சீர் அலுவலகமாக்கும். ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் பச்சைன்னா நாங்க விட்டிருவோமா? உத்தரவு போட்டாச்சு. திற்பரப்பில நேத்தே எல்லாத்தையும் வேரோட புடுங்கியாச்சு."

நீலகண்டன் முகம் தெளிந்தது.

"அங்கயும் ஒண்ணும் இல்லியா?"

"ஒரு செடி கிடையாது."

"அப்போ சரி சார்" என்று புகாரை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மனநிறைவோடு பஸ் ஏறினார்.