பொந்துப் பாதுகாப்புச் சட்டம்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று சொல்லி நிறுத்திவிடுகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. இந்தக் காட்டில் சிங்கம் இருந்தது. சிங்கத்துக்கு ஓர் அலுவலகம் இருந்தது. அலுவலகத்தில் பதினேழு மேசை இருந்தது. மேசைக்கு மேசை ஒரு பிராணி உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. இரை தேடுகிற வேலை மட்டும் அங்கே யாருக்கும் இல்லை. அதைப் பிரஜைகள் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள்.

அந்த வருஷம் சிங்கராஜா ஒரு திட்டம் அறிவித்தார். ஆற்று மீன்கள் மழையில் நனைகின்றனவாம். ஆகவே மீனுக்கு ஆளுக்கொரு இலவசக் குடை. குடை செய்கிற குத்தகை ராஜாவின் மச்சானுக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி விட்டதில், கருவூலமாக இருந்த அத்திமரத்தில் ஒரு பழம் மிஞ்சவில்லை. கருவூலம் காலியானால் ராஜாக்கள் என்ன செய்வார்கள்? செலவைக் குறைப்பார்களா? அட போங்கய்யா! புதுசாக ஒரு சட்டம் போடுவார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் பொந்துப் பாதுகாப்புச் சட்டம். மரப்பொந்தில் முட்டையிடுகிற பறவையெல்லாம் இனிமேல் நூறு அத்திப்பழம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். பொந்தின் வாசல் ஒரு முழ அகலம் இருக்க வேண்டும், ராப்பகலாகத் திறந்தே கிடக்க வேண்டும். ஆய்வாளர் ஏறிவர வசதியாக ஒரு கொடியைத் தொங்கவிட வேண்டும். மீறினால் பொந்துக்குச் சீல். இத்தனையும் முட்டைகளின் பாதுகாப்புக்காகவாம். விதிகளை எழுதிக்கொடுத்த நிபுணர் உடும்பார். முட்டையைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் அந்தக் காட்டில் யார்? கண் திறந்த நாளிலிருந்து அதைத்தானே தின்கிறார். விதிகளை எழுதி முடித்த கையோடு ஆய்வாளர் பதவியையும் அவரிடமே கொடுத்தார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது போதாதென்று, அந்தப் பூனைக்குச் சம்பளமும் போட்டார்கள்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவன் இடும்பன் என்கிற இருவாச்சி. இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமில்லையா? முட்டையிடுகிற பருவத்தில் பெட்டை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண் வைத்துப் பூசி, அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவார்கள். குஞ்சு பறக்கிற வரை நாலு மாசம் அந்தக் கீறல் வழியாகத்தான் ஆண் பழம் ஊட்டும். பாம்பு வராது, உடும்பு வராது. எந்த ராஜாவும் சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை அது.

இடும்பன் பயந்த சுபாவம். காற்று வேகமாக அடித்தாலே யாரிடமாவது மன்னிப்புக் கேட்பான். அவன் பெண்டாட்டி பவுனு இன்றோ நாளையோ என்று முட்டைச் சுமையோடு உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் இட்ட ஒரே முட்டை கூமுட்டையாகப் போனது. இந்த ஒன்றாவது பொரிய வேண்டுமே என்று இரண்டு பேரும் வேண்டாத தெய்வமில்லை. இடும்பன் ஓடினான் அலுவலகத்துக்கு.

"ஐயா, எங்க வழக்கப்படி வாசலை மண்ணு வச்சு அடைச்சாத்தான் முட்டை தங்கும்" என்று கும்பிட்டான்.

உடும்பார் நாக்கை நீட்டி உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அடைக்கிறதா? உள்ளே காத்து வேண்டாமா? முட்டைக்கு மூச்சு முட்டாதா? என்னய்யா நீ, தகப்பனா இல்லே எமனா?"

"எங்கப்பன், பாட்டன் எல்லாம் அப்படித்தானுங்க பொறந்தாங்க."

"அவங்ககிட்டே உரிமம் இருந்துதா?"

"இல்லீங்க."

"அப்போ அவங்க பொறந்ததே செல்லாது. சாத்தப்பனைப் பாரு. நேத்தே உரிமம் வாங்கிட்டான். வாசல் ஒரு முழம், கொடி தொங்குது, எல்லாம் கச்சிதம். நாளைக்கு நானே நேர்ல போய்ச் சோதிக்கப் போறேன்."

சாத்தப்பன் பக்கத்து மரத்து இருவாச்சி. சட்டம் என்றால் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற ஜாதி. மறுநாள் உடும்பார் கொடியைப் பிடித்து ஜம்மென்று ஏறினார். உள்ளே போனார். சாத்தப்பனையும் பெண்டாட்டியையும் வெளியே நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து, "பொந்தில் குறை ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குறை இல்லைதான், முட்டையும் இல்லை. சாத்தப்பன் பெண்டாட்டி மரத்தில் முட்டிக்கொண்டு அழுத அழுகை காடெல்லாம் கேட்டது. அவர்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு குடை வந்தது.

"நாமளும் கட்டிடலாம் பவுனு, சட்டம்னா சட்டம்" என்றான் இடும்பன்.

பவுனுவுக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! "ஏன்யா, மூக்கு மேலே இவ்வளவு பெரிய கொம்பு இருக்கே, அதுக்குள்ளே ஏதாச்சும் இருக்கா? முட்டையைத் தட்டுலே வச்சு நீட்டுறதுக்கு நூறு பழம் வேறே அழணுமா? சரி, கட்டலேன்னா என்ன பண்ணுவாங்க?"

"பொந்துக்குச் சீல் வச்சுடுவாங்க."

"எதை வச்சு?"

"மண்ணு வச்சுத்தான். சீலை எவனாச்சும் தொட்டா வாலை நறுக்கிடுவாங்க, ஆய்வாளரே தொட்டாலும் சரி."

"நாம பூசுறதும் மண்ணுதானேய்யா?" என்றாள் பவுனு. இடும்பனுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் வழக்கம்போல யாரிடமோ மன்னிப்புக் கேட்டான். ஆனாலும் போனான். பிறந்ததிலிருந்து ஒரு தப்பும் செய்யாதவன், "இடும்பன் பொந்து விதிமீறல், உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்று தன் மேலேயே ஒரு மொட்டைக்கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டான்.

சாத்தப்பன் வீட்டு முட்டை செரிக்காமல் புரண்டுகொண்டிருந்த உடும்பார், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மறுநாள் சீல் பிரிவு யானை தும்பிக்கை நிறைய மண்ணோடு வந்தது. பவுனு பொந்துக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். யானைக்கு அவள் நன்றாகவே தெரிந்தாள். ஆனால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று எழுத யானையின் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் அது கேட்கவில்லை, பூசிவிட்டுப் போனது. மண் குத்தகையும் ராஜாவின் மச்சானுக்குத்தான், அதிலும் பாதியைச் சுருட்டியிருந்தான். அதனால் நடுவில் பூச மண் போதவில்லை. சரியாக அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று இடும்பன் யானைக்கு ஒரு கும்பிடு போட்டான்.

முட்டை வந்தது. இடும்பன் பழம் சுமந்தான். ஒரு மாசம் கழித்து, சீல் வைத்த பொந்துக்கு ஒருத்தன் ஏன் தினமும் பழம் கொண்டுபோகிறான் என்று உடும்பாருக்கு மூக்கில் வியர்த்தது. மரமேறிக் கீறல் வழியாகப் பார்த்தார். உள்ளே பவுனுவின் இறக்கைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று முட்டை! நகத்தை நீட்டினார். நீட்டினவருக்குத் தன் வால் ஞாபகம் வந்தது. அந்த விதியை எழுதியதே அவர்தானே.

"சீலைத் திறக்க உத்தரவு வாங்கிட்டு வர்றேன்டா" என்று பல்லைக் கடித்தார்.

இடும்பன் அன்றிலிருந்து தூங்கவில்லை. அலகில் பழத்தோடு போகும்போதும் வரும்போதும் அலுவலகப் பக்கம் எட்டிப் பார்ப்பான். உடும்பார் கையில் மனுவோடு மேசை மேசையாக அலைந்துகொண்டிருப்பார். மூன்றாம் மேசை ஆமை, நாலாம் மேசைக்குப் போகச் சொல்லும். நாலாம் மேசை ஆந்தை பகலில் கண் தெரியவில்லை என்று சொல்லும். ஒன்பதாம் மேசை கரடி, "உடும்பு என்பதற்கு அத்தாட்சி உண்டா?" என்று கேட்டது. பிடித்தால் விடாத பிடிதான் உடும்புப்பிடி. ஆனால் அந்த அலுவலகத்தில் பிடித்துக்கொள்ள ஒரு பொருளும் கிடைக்கவில்லை.

நாலாம் மாசம் உத்தரவு வந்தது. உடும்பார் அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறினார். அன்று காலையில்தான் பவுனு உள்ளேயிருந்து மண்ணைக் கொத்தித் தள்ளிவிட்டு வெளியே வந்திருந்தாள். குஞ்சு மேல்கிளையில் தள்ளாடி நின்று இறக்கையை அடித்தது. இடும்பன் வெட்கத்தை விட்டுவிட்டு ஓவென்று அழுதான்.

வழக்கு ராஜாவிடம் போனது. "சீலை உடைத்தாள்" என்றார் உடும்பார். விதியைப் புரட்டினார்கள். வெளியேயிருந்து தொட்டால்தான் குற்றம். உள்ளேயிருந்து உடைப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. சிங்கராஜா பிடரியைச் சொறிந்தார். "இந்த மாதிரி சீல் வேணும்னு வேறே யாராவது கேக்குறாங்களா?"

"காட்டிலே இருக்கிற அத்தனை இருவாச்சியும் கேக்குது, மகாராஜா."

ராஜாவின் கண் பளபளத்தது. அன்றைக்கே ஓர் ஆணை வந்தது: இனிமேல் சட்டத்தை மீற விரும்புகிறவர்கள் முன்கூட்டியே இருநூறு பழம் கட்டி, மீறல் உரிமம் வாங்க வேண்டும். அந்தப் பிரிவுக்கு அனுபவசாலி ஒருவர் தேவைப்பட்டார். காட்டில் அந்த அனுபவம் ஒருத்தனுக்குத்தான் இருந்தது. பதினெட்டாவது மேசை போட்டார்கள்.

அடுத்த பருவத்தில் சாத்தப்பன் வரிசையில் நின்று, மூன்றாம் நாள் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தான். "அண்ணே, போன வருஷம் எங்க முட்டை போனது உனக்கே தெரியும். இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. சீக்கிரம் சீல் வைக்கச் சொல்லுண்ணே."

இடும்பன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தான். கொட்டாவி விட்டான்.

"பன்னெண்டாவது கட்டம் காலியா இருக்கே. நிரப்பிக்கிட்டு நாளைக்கு வா."

நீதி: சட்டத்தை மதிக்கிறவனுக்கு முட்டை மிஞ்சாது, மீறத் தெரிந்தவனுக்கு முட்டையும் மிஞ்சும், மேசையும் கிடைக்கும்.