திறப்பில்லாத உண்டியலும் ஐந்தாம் திருவிழாவும்

பெருமைப்படுவதற்கு ஒரு விஷயம் கிடைப்பது பெரிய காரியமில்லை. அதைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைப்பதுதான் பெரிய காரியம். எனக்கு முதலாவது மூட்டை மூட்டையாக இருக்கிறது. இரண்டாவதற்குத்தான் தட்டுப்பாடு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் (யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்வேன்). ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேன், அல்லது அது என்னை விட்டது. கல்லுடைக்கும் கூலியாகத் தொடங்கி, ஒப்பந்தம் எடுத்துக் கட்டும் கொந்தராத்துக்காரனாக உயர்ந்தேன். தீவுப் பகுதியில் நீங்கள் எந்த மதகைக் கடந்தாலும் அது இந்த இராசநாயகம் கட்டியதாக இருக்கக்கூடும். உடைந்திருந்தால் அது வேறு ஆள் கட்டியது. எங்கள் ஊர் நாரந்தனையில் மேல்மாடி வைத்து வீடு கட்டினேன். இப்போது மேல்மாடிக்கு ஏற என் முழங்கால் சம்மதிப்பதில்லை. ஏறுவதற்கு வேறு ஆளுமில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் சுதன் நோர்வேயில். வீட்டில் மனிதக் குரல் கேட்க வேண்டுமென்றால் நான் இரும வேண்டும்.

சுதன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவான்.

"சாப்பிட்டியளோ அப்பா?"

"ஓம்."

"அங்க மழையோ?"

"இல்லை."

இத்தோடு சரக்குத் தீர்ந்துவிடும். மீதி நேரம் இருவரும் திரையில் அவரவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நல்ல சம்பளத்தில் கணினி வேலை பார்த்தவன் அவன். அதை விட்டுவிட்டு வீட்டில் இருந்தபடி சொந்தமாக ஏதோ செய்கிறான் என்று மருமகள் மதுரா ஒரு நாள் சொன்னாள். அவன் சோற்றுக்கு என்ன செய்வான் என்பது இரண்டாவது கவலை. "பிள்ளை என்ன செய்யிறார்?" என்று ஊரில் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பதுதான் முதற் கவலை. அவன் ஊருக்கு வந்தும் பல வருஷம். டிக்கெற் காசு அனுப்புகிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னேன். "வேண்டாம் அப்பா. நான் உழைச்சுத்தான் வருவன்" என்றான். (யாருடைய பிள்ளை!)

இப்படியிருக்க, ஒரு ஞாயிறு அவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமலே தொடங்கினான்.

"அப்பா, ஒண்டு கண்டுபிடிச்சிட்டன்!"

"என்ன மோனை, வேலையோ?"

"ஓட்டை!"

பிள்ளைக்குத் தனிமையில் மூளை கலங்கிவிட்டதென்று நினைத்தேன். எனக்கு அந்த நோயின் ஆரம்பக் குறிகள் தெரியும்.

"எங்கட கோயில் உண்டியலை நினையுங்கோ" என்றான். "அதின்ர பூட்டுக்குத் திறப்பு ஆரிட்ட?"

"தலைவரிட்ட ஒண்டு, பொருளாளரிட்ட ஒண்டு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாததால காசு கிடக்கு."

"இப்ப, திறப்பே இல்லாத ஒரு உண்டியல். ஆருக்கு, எப்ப, எவ்வளவு குடுக்க வேணுமெண்டு கணினியில எழுதி வைச்சிட்டால் அது தானாத் திறந்து குடுக்கும். இடையில தலைவரும் இல்லை, பொருளாளரும் இல்லை. பிளொக்செயின் எண்ட, ஒருத்தராலும் அழிக்க ஏலாத பொதுக் கணக்குப் புத்தகத்தில இருக்கும். இதுக்குப் பேர் ஸ்மார்ட் கொன்ட்ராக்ட்."

"கொந்தராத்தைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தராதை. பிழையா எழுதினால் என்ன நடக்கும்?"

"பிழையாவே குடுக்கும். கேட்க ஆளில்லை. கள்ளன் கண்டால் எல்லாத்தையும் அள்ளுவான். அதுக்கு முதல் நான் கண்டால், உண்டியல்காரருக்கு இரகசியமா அறிவிப்பன். அவங்கள் அடைச்சுப்போட்டுச் சன்மானம் தருவாங்கள். அதுதான் இப்ப என்ர தொழில்."

பிழை கண்டுபிடிப்பவனுக்குக் காசா? என்னால் நம்ப முடியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், என்னுடைய மதகுகளில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன் (அது வாய் திறக்காமல் இருப்பதற்கு, அந்தக் கதை இங்கே வேண்டாம்).

"நீ கண்ட ஓட்டை எப்பிடிப்பட்டது?" என்று கேட்டேன். அப்படி நான் அவனிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவன் முகம் திரையை நிறைத்தது.

"காசு எடுக்க வாறவைக்குக் காசைக் குடுத்துப்போட்டுத்தான் 'இவர் எடுத்திட்டார்' எண்டு அது பதியுது. பதியிறதுக்கு முதல் அதே ஆள் திரும்பக் கேட்டால், திரும்பவும் குடுக்குது. பிறகும் கேட்டால் பிறகும் குடுக்குது."

நான் கதிரையில் நிமிர்ந்தேன். "அட, அன்னதானத்தில முதல் பந்தியில சாப்பிட்டவன், கை கழுவாமலே ரெண்டாம் பந்தியில இருக்கிற மாதிரி!"

சுதன் சிரித்தான். "இதை விட நல்லாச் சொல்ல ஏலாது அப்பா" என்றான். அறைக்குள் இருந்த மதுராவைக் கூப்பிட்டு, நான் சொன்னதை அவளுக்கும் சொல்லச் சொன்னான். சொன்னேன். அன்று எங்கள் பேச்சு முடிய என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

முடிவில் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று: "இந்தக் காசு வந்தால் நாங்கள் ரெண்டு பேரும் வந்து உங்களோட ஒரு மாசம் நிப்பம்." மற்றது: "அவங்கள் ஓட்டையை அடைக்குமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. விட்டால் சன்மானம் இல்லை. அது அவங்கட சட்டம்."

"என்னை ஆரெண்டு நினைச்சாய்?" என்றேன். (அவன் சரியாகத்தான் நினைத்திருந்தான்.)

மேல்மாடி அறைக்கு வர்ணம் பூசுவித்தேன். ஏசி பூட்டுவித்தேன். புது மெத்தை வாங்கி, தூசி படாமல் பிளாஸ்ரிக் உறையோடேயே அங்கே போடுவித்தேன். வர்ணம் பூசியவன் "ஆர் ஐயா வருகினம்?" என்று கேட்டபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்கு நாக்குத் தழும்பாகிவிடும் போலிருந்தது. இதற்குள் கோயில் கொடியேறிவிட்டது.

ஐந்தாம் திருவிழா எங்கள் உபயம். உபயகாரனின் பெயரையும் பெருமையையும் ஒலிபெருக்கியில் வாசிப்பது வழக்கம். எழுதிக் கொடுப்பது உபயகாரனே. அந்தத் துண்டுக் காகிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் என் மூளை வேலை செய்தது. சுதன் சொன்னது 'ஒருத்தருக்கும்' சொல்லக்கூடாதென்று. எங்கள் கோயில் அம்மாள் 'ஒருத்தர்' அல்ல, அவள் தெய்வம். நன்றி சொல்லாமல் விட்டால் குற்றம். தவிரவும் நாரந்தனையில் பிளொக்செயின் விளங்கக்கூடிய ஒரு குருவிகூட இல்லை. விளங்காதவனுக்குச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் ஒன்றுதானே?

கோயில் மண்டபத்து மூலையில், திருவிழாவை நேரலையாகக் காட்ட முக்காலியில் ஒரு கமரா நின்றது. அது நிற்பது எனக்குத் தெரியும். அதன் வழியே யார் யார் பார்க்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

மாலைப் பூசை முடிந்து, அன்னதானத்தில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. அறிவிப்பாளர் கனகலிங்கம் தொண்டையைச் செருமினார். அவருக்கு மைக்கைக் கொடுத்தால் தொலைந்த செருப்பைக்கூடக் காவியம் போல் அறிவிப்பார்.

"இன்றைய ஐந்தாம் திருவிழா உபயகாரர், தீவகத்தின் புகழ்பூத்த கொந்தராத்துக்காரர், கொடைவள்ளல் திரு. வேலுப்பிள்ளை இராசநாயகம் அவர்களின் ஏக புதல்வன், நோர்வே வாழ் திரு. சுதன் அவர்கள்..."

('கொடைவள்ளல்' நான் எழுதியதுதான். 'புகழ்பூத்த' கனகலிங்கத்தின் கைச்சரக்கு.)

"...உலகப் புகழ்பெற்ற" இந்த இடத்தில், சுதன் ஓட்டை கண்ட கம்பனியின் பெயர் வந்தது. நான் இப்போது அதை எழுதமாட்டேன், பட்டது போதும். "நிறுவனத்தாரின் உண்டியலில் பாரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தமைக்காக, அம்பாளுக்கு நன்றிக்கடனாக இவ்வுபயம் நடைபெறுகிறது. அந்த ஓட்டையாவது, அன்னதானத்தில் முதற்பந்தியில் உண்டவர், பெயர் பதிய முன்னரே..."

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் சுதன். ஞாயிறு இல்லாத ஒரு நாளில் என் பிள்ளை என்னை அழைக்கிறான்! நேரலையில் பார்த்துவிட்டுப் பூரித்துப்போய் எடுக்கிறான் என்று என் உடம்பெல்லாம் புல்லரித்தது. காதில் வைத்தேன். தவில்காரர் அந்த நேரம் பார்த்து ஒரு தட்டுத் தட்டினார். "அப்பா... சொல்லுங்கோ... சொல்லுங்கோ..." என்று மட்டும் விழுந்தது.

சரி, அவனுக்கு வடிவாகக் கேட்கவில்லை. போனை ஒலிபெருக்கிக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். பிறகு கனகலிங்கத்தைப் பார்த்து ஒரு விரலை ஆட்டினேன். 'இன்னொருக்கா.'

கனகலிங்கம் இன்னொருக்கா வாசித்தார். முதல் தரத்தை விட நிறுத்தி, தெளிவாக, கம்பனியின் பெயரை எழுத்துக் கூட்டி.

கோயில் தலைவர் சால்வையை இறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அதற்குள் பாதிச் சனம் உண்டியலைச் சுற்றி நின்று அதன் அடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இராசநாயகம், எங்கட உண்டியலில என்ன ஓட்டை?"

"உங்கட உண்டியலில இல்லை."

"அப்ப ஏன் எங்கட மைக்கில சொல்லுறீர்? ரெண்டாம் பந்தியில இருந்தவை இலையை விட்டிட்டு எழும்பிப் போகினம், ஓய்! தங்களைத்தான் சொன்னதெண்டு."

வெளிவீதிக்கு வந்து போனைக் காதில் வைத்தேன். சுதன் அழைப்பைத் துண்டிக்காமலே இருந்தான்.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ எண்டுதான் அப்பா கத்தினனான்" என்றான்.

"எங்கட சனத்துக்கு உது விளங்காது மோனை."

"உங்களுக்கு விளங்கினது அவைக்கு விளங்காதோ? ரொறன்ரோவில, லண்டனில, எல்லா இடமும் இருந்து பாக்கினம். அவையின்ர பிள்ளையள்தான் இந்த வேலை செய்யிறதே."

அவன் சொன்னதே நடந்தது. யாரோ நேரலையில் அந்த இடத்தை மட்டும் வெட்டி, பந்திக் கதையை ஆங்கிலமாக்கி, 'இது உண்மையா?' என்று அந்தக் கம்பனியின் இணையக் குழுவிலேயே போட்டுவிட்டார்கள். என் விளக்கம் அவ்வளவு தெளிவாக இருந்ததாம். படிக்காதவன் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும் என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். கம்பனிக்காரர் பதறி உண்டியலைப் பூட்டி, விடியமுன் ஓட்டையை அடைத்தார்கள். ஒரு சதமும் களவு போகவில்லை. பிறகு சுதனுக்கு எழுதினார்கள்: ஓட்டை உண்மை, மிக்க நன்றி, ஆனால் அடைக்க முன்னர் வெளியே சொல்லப்பட்டுவிட்டதால் சன்மானம் தருவதற்கில்லை.

என்னை அவன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு ஏசி, ஒரு மணித்தியாலம் கதைத்திருக்கலாம். "பரவாயில்லை அப்பா" என்றான். அவ்வளவுதான். டிக்கெற் காசு நான் தருகிறேன் என்று தொடங்கினேன். "சாப்பிட்டியளோ?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். அந்த வருஷம் அவர்கள் வரவில்லை. மேல்மாடி மெத்தை உறையோடு கிடந்தது. நான் கீழே தொலைக்காட்சியைப் போட்டு, செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு இந்த முழுக் கதையையும் சொன்னேன். அவள் என்னைப் பேசவிட்டுத் தன் பாட்டில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

கோயிலில் என்னை மன்னித்துவிட்டார்கள். குடும்பத்தில்தான் மன்னிப்பில்லை. கனடாவில் என் தங்கை வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அந்த வீடியோவைப் பெரிய திரையில் போடுகிறார்களாம். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் விரலை ஆட்டும் இடத்தில் சின்னஞ்சிறுசுகள் எல்லாம் சேர்ந்து விரலை ஆட்டுமாம். குடும்பத்தில் யாருக்கு வேலை கிடைத்தாலும், கலியாணம் பேசினாலும், "அடைச்சாச்சோ? அண்ணைக்குச் சொல்லலாமோ?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

ஒரு நாள் சுதன் எடுத்து, "அப்பா, உங்களுக்குப் பேரன் பிறந்திட்டான். இனி நீங்கள் ஆருக்கும் சொல்லலாம்" என்றான். அத்தனை மாதமும் வீடியோவில் மருமகளின் கழுத்துக்கு மேலேதான் காட்டியிருக்கிறார்கள். நான் கமராப் பிடிக்கத் தெரியாத பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். சிரித்தேன். போனை வைத்த பிறகு சொல்வதற்கு ஆள் தேடி வெளியே வந்தேன். பாணும் பணிஸும் விற்கும் பேக்கரி ஓட்டோ பாட்டுப் போட்டபடி வந்தது. மறித்துச் சொன்னேன். அந்தப் பையன் ஒரு பணிஸைத் தந்து காசு வேண்டாம் என்றான்.

போன மாதம் சுதன் சொன்னான்: "அப்பா, இன்னொரு ஓட்டைக்குச் சன்மானம் வந்திட்டுது. டிக்கெற் எடுத்தாச்சு. மூண்டு பேருக்கும்."

"எப்ப மோனை வாறியள்?"

பின்னாலிருந்து மதுரா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அது சொல்லேலாது அப்பா."

"பிளேன் ஏறினாப் பிறகு சொல்லுவியோ?"

"வீட்டுப் படலைக்கு வந்தாப் பிறகு சொல்லுறம்."

ஆகையால் எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. தினமும் விடியச் சவரம் செய்து வெள்ளை வேட்டி கட்டுகிறேன். மெத்தையின் பிளாஸ்ரிக் உறையை, முழங்காலோடு சண்டை பிடித்து மேலே ஏறிப்போய்க் கழற்றிவிட்டேன். மத்தியானம் அவர்களுக்கும் சேர்த்து உலை வைக்கிறேன். மிஞ்சுவதற்கு இரவில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் பழஞ்சோறாகச் சாப்பிடுகிறேன். தொந்தி வைத்துவிட்டது. கடைக்கு அரிசி வாங்கப் போனால் கேட்கிறார்கள்: "என்ன அண்ணை, அரிசி இவ்வளவு எடுக்கிறியள்? ஆர் வருகினம்? எப்ப வருகினம்?"

"அதைச் சொல்லேலாது" என்கிறேன், குரலைத் தாழ்த்தி, உள்ளே எல்லாம் தெரிந்தவனைப் போல.