மூக்கு கப்பித்தானுடையது அல்ல

தூத்துக்குடி,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய பவுல் பீரிஸ் அண்ணாச்சி அவர்களுக்கு ஹென்றி ரோச் எழுதிக்கொண்டது. சர்வேசுரனுக்குத் தோத்திரம். இங்கு நானும் என் மனைவி ஈவாஞ்சலினும் சுகம். திரேஸ்புரத்தில் தாங்களும் வீட்டாரும் போட்டும் வலையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிட வேண்டாம். கோணல் கோணலாக இருப்பது சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுவதால்தான்.

போன மாதா திருவிழா முடிந்த வாரம், என் மகள் பெனிஷாவைத் தங்கள் மகன் ஜெர்சனுக்குக் கேட்டு வெற்றிலை பாக்கோடு வந்தீர்கள். நான் சொன்னது மறந்திருக்காது. "நாங்க கப்பலோட்டி வந்த போர்த்துக்கீசக் கப்பித்தான் ரோச் வம்சம். முத்துக் குளிச்சவங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்" என்றதோடு நிற்காமல், பக்கவாட்டில் திரும்பி என் கூர்மூக்கையும் அதற்குச் சாட்சியாகக் காட்டினேன். அன்றிலிருந்து பெனிஷா என்னோடு பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிடுவதைக்கூட அம்மா மூலமாகத்தான் சொல்லி அனுப்புகிறாள். எட்டு மாதம் அண்ணாச்சி! இருப்பது ஒரே பிள்ளை, அதுவும் பேசவில்லை என்றால் வீட்டில் எப்படி இருப்பது?

சரி, வம்சத்தைக் காகிதத்தில் நிரூபித்து, நான் மறுத்தது சரிதான் என்று அவளை ஒப்புக்கொள்ள வைப்போம் என்று இறங்கினேன். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவனுக்குப் பழைய ஏடு என்ன தெரியும்? கோயில் கோயிலாக ஏறி, தூசியில் தும்மித் தும்மி, கடைசியில் போர்த்துக்கீசு தெரிந்த ஒரு கோவா சாமியாரைப் பிடித்து, மக்ரூன் வாங்கிக் கொடுத்தே சிநேகமாகி, நேற்று அவர் ஒரு முத்துக்குளிப்பு ஏட்டின் நகலை வாசித்துக் காட்ட, நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் முதல் ரோச் கப்பித்தானே இல்லை! பெயர் அய்யாக்குட்டி. ஞானஸ்நானத்தன்று ஞானத்தகப்பனாக நின்றவர்தான் கப்பித்தான் ரோச். தன் பெயரை இவருக்குக் கொடுத்துவிட்டு அவர் கப்பலேறிப் போய்விட்டார். "அப்போ இந்த மூக்கு?" என்று கேட்டேன். சாமியார் என்னை உற்றுப் பார்த்து, "அது அய்யாக்குட்டியோடதுதான்" என்றார்.

நான் கலங்கவில்லை. ஏனென்றால் அடுத்த வரிதான் விஷயம்! அய்யாக்குட்டி வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர். யாருக்கு? முத்துக் குளித்த சூசை பீரிசுக்கு! தங்கள் வீட்டில் இன்றும் மூத்த பிள்ளைக்குச் சூசை என்றுதானே பெயர் வைக்கிறீர்கள்? கடலுக்கடியில் இருப்பவன் உயிர் கயிறு பிடிப்பவன் கையில். அதனால் மச்சானைத் தவிர வேறு யாரையும் நம்பிக் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், சொந்தத் தங்கச்சி தாலியை அவனே அறுக்க மாட்டான் என்று. அப்படியென்றால் நாம் அன்றைக்கே மாமன் மச்சான்! வீட்டுக்கு ஓடிவந்து வாசலிலேயே கத்தினேன். "மொதல்ல வேட்டியக் கட்டுங்க, அவுந்து கெடக்கு" என்றாள் ஈவாஞ்சலின். பெனிஷா எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து, "அப்பா, நெசமாத்தான் சொல்லுதியளா?" என்றாள். அந்த ஒரு 'அப்பா'வுக்காக எத்தனை கப்பித்தானை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன்.

ஆகவே பழசை மனதில் வைக்காமல், ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பத்தோடு வாருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் தோத்திரம். ஜெர்சனுக்கு மாதா துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான் (அய்யாக்குட்டி வழியில்),
ஹென்றி ரோச்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சாமியார் போன் செய்தார். அடுத்த பக்கத்தையும் வாசித்தாராம். அது சூசை பீரிஸ் கொடுத்த புகார். கீழேயிருந்து அவர் கயிற்றை இழுத்தபோது, அய்யாக்குட்டி பக்கத்து வள்ளத்துக்காரனிடம் தன் புதுப் பெயரைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தாராம். சூசை தானே தட்டுத்தடுமாறி மேலே வந்து, எல்லோர் முன்னிலையிலும் ஓர் அறை விட்டு, "இவன் வீட்டில் இனி எங்கள் வம்சம் பெண் எடுக்காது" என்று சிலுவை போட்டுக் கையொப்பம் வைத்திருக்கிறார். மறைத்திருப்பேன். மறைத்தால் மறுபடி பேசமாட்டேன் என்கிறாள் பெனிஷா. எனவே தாங்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே வெற்றிலை பாக்கோடு வருகிறேன். வேண்டுமானால் இன்னும் ஓர் அறை கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பெண்ணை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.