ஏழு மணி வரைக்கும்

இனிமேல் யாருக்கும் பயப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். பாத்ரூமுக்குள் உட்கார்ந்துகொண்டு.

ஆறு வாரமாக எனக்கு ஜாகை அங்கேதான். கடன் வசூலுக்கு வரும் மீசைக்காரன் கதவைத் தட்டினால் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான். என் மனைவியிடம் துணி தைக்கக் கொடுப்பவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "அவ புருஷன் திருட்டுப் பய" என்றான். பாதிப் பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகிறாள். முந்தின நாள், "அடுத்த தடவை தையல் மெஷினைத் தூக்கிடுவேன்" என்றான். வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மெஷினால்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் சோப்பு சுற்றி வந்த பேப்பரில் படித்தேன். கடன் வசூலுக்கு வருகிறவன் மிரட்டக் கூடாது. அடையாள அட்டை காட்ட வேண்டும். ஏழு மணிக்கு மேல் வந்து கேட்கக் கூடாது. கணக்கை எழுத்தில் தர வேண்டும். அடேயப்பா, நமக்கும் இவ்வளவு உரிமையா! மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். "ஓகோ" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு வந்தான். நானே கதவைத் திறந்தேன். மனைவி மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கார்டைக் காட்டு."

காட்டினான்.

"கணக்கை எழுத்துல குடு!"

"என்கிட்டயே சட்டம் பேசறியா?"

"பேசுவேன்யா! எழுத்துல குடுக்காம இங்க ஒரு ஊசியைக்கூட தொட முடியாது!"

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். அவள் முந்திக்கொண்டாள்.

"என்னங்க, வண்டி ரிப்பேருக்கு எண்பதாயிரம்னு சொன்னீங்க. ரெண்டு லட்சம்னு போட்டிருக்கு?"

"அது வந்து..."

"காரணம், மனைவியின் ஆபரேஷன். எனக்கு எப்பங்க ஆபரேஷன் நடந்துச்சு?"

மீசைக்காரனே குரலைத் தணித்தான். "இப்ப உடம்பு தேவலையாம்மா?"

பணம் நண்பனின் செல்போன் கடைக்குப் போனதும், கடையும் நண்பனும் சேர்ந்தே காணாமல் போனதும் காகிதத்தில் இல்லை. என் முகத்தில் இருந்தது போலிருக்கிறது. அவள் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு அவனிடம் திரும்பினாள்.

"மெஷின் என் காசு, பில்லு என் பேர்ல. கோர்ட்டு உத்தரவு இல்லாம தொட முடியாது. நீ வாசல்ல கத்தினதெல்லாம் போன்ல பதிஞ்சு வச்சிருக்கேன், புகாரும் குடுத்தாச்சு. பணம் மாசாமாசம் வரும், இவரைக் கட்ட வைக்கறது என் பொறுப்பு. கெளம்பு."

ஆறு வாரம் கத்தினவன் சத்தமே இல்லாமல் படியிறங்கினான். நானும் மெதுவாகச் செருப்பை மாட்டினேன்.

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏழு மணிக்கு மேலதானே கேக்கக் கூடாது? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. உக்காருங்க."